மிச்சப் பணமும் எங்கள் சந்தும்



உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் சடக்கு யாருடையது? சட்டென்று சொல்ல முடியுமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் எங்கள் குடியிருப்புக்கு வந்த பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி கையை விட்டுப் போயிற்று.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா பக்கம். 2007இல் பெயர் மாறினாலும் பெரியவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகு லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் நாங்கள். குடியிருப்புக் குழுவின் செயலாளர் வேலை என் தலையில். சில ஆண்டுகளுக்கு முன் மண்டபக் கூரையை மாற்ற மானியம் கிடைத்தது. பழைய தகரம் கழற்றுவது, மரம் சுமப்பது எல்லாம் நம் பிள்ளைகளே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தார்கள். பணம் மிஞ்சியது.

மிச்சத்தை என்ன செய்வது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். மண்டபத்துக்குப் பின்னால் போகும் சந்து! மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு. அந்த வருஷம் கடைசி வீட்டுப் பாட்டி அங்கே குழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. கதவைக் கழற்றி, அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் பொறுமைசாலி.

"ஐயா, இது மண்டபத்துக்குன்னு எழுதிக் கொடுத்த பணம். வேறு வேலைக்கு மாத்தணும்னா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும். வருஷம் முடிஞ்சா மிச்சம் திரும்பிப் போயிடும். சரி, அந்தச் சடக்கு யாருடையது?"

நான் விழித்தேன்.

இது எங்களுக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. 1960 வாக்கில் துன் அப்துல் ரசாக் ஊரக வளர்ச்சிக்கென்று சிவப்புப் புத்தகம் கொண்டுவந்தார். எந்தக் கம்பத்துக்குச் சடக்கு, எங்கே பாலம் என்று மாவட்டந்தோறும் வரைபடத்தில் குறித்தார்கள். தோட்டமோ தனியார் நிலம். அந்தப் பயன் லயங்களுக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. இன்றும் அரசியல் சட்டத்தின் 109ஆவது பிரிவுப்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சாலை மானியம் தருகிறது. பதிவேட்டில் ஏறிய சாலையின் நீளத்தை வைத்துக் கணக்கு. தோட்டத்துக்குச் சொந்தமான சடக்கு அந்தக் கணக்கில் வராது. கடையில் சாமான் வாங்கும்போது நாமும் வரி கட்டுகிறோமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்துத் திடல் வேலிக்குப் பணம் வந்தது. இந்த முறை நான் ஏமாறவில்லை. முதலில் நில அலுவலகத்தில் வரைபட நகல் வாங்கினேன். மண்டபத்திலிருந்து அறுபது அடி எங்கள் குடியிருப்புக்குச் சேர்ந்தது. அதற்கப்பால் தோட்டத்து நிலம்! இத்தனை வருஷம் நடந்த சந்து, நடுவில் ஒரு கோடு இருப்பது யாருக்குத் தெரியும்? வேலிக் கணக்கு முடிந்ததும், ஜூன் மாதத்திலேயே, வரைபடம், குத்தகைக்காரர் எழுதிக் கொடுத்த விலை, வீட்டுக்காரர்களின் கையெழுத்து எல்லாம் இணைத்து மனு கொடுத்தேன். செப்டம்பரில் அனுமதி வந்தது. தீபாவளிக்கு முன் கல் கொட்டி, ஓரத்தில் வடிகாலும் வெட்டியாயிற்று. திருநாளன்று பிள்ளைகள் அதில் சைக்கிள் ஓட்டினார்கள்.

அறுபதாவது அடியில் கல் நின்றுவிடுகிறது. பிறகு அதே செம்மண்.

பாட்டி இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். அவர் வீடு செம்மண் பக்கம். "தம்பி, என் வாசலுக்கு எப்போ வரும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். தோட்ட நிர்வாகத்துக்கு மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறேன்.