சிரட்டையில் நின்ற பெஞ்ச்

ஆடி மாதம் சாயர்புரத்தில் மரத்துக்கு எண்ணெய் பூச முடியாது. தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு மேல்காற்று அடிக்கும். பூசிய ஈரத்தில் மணல் அப்பிக்கொள்ளும். தாத்தா புரட்டாசிக்குக் காத்திருப்பார். காற்று ஓய்ந்திருக்கும், ஐப்பசி மழை தொடங்கியிருக்காது. முற்றத்துப் பூவரசம் பெஞ்சுக்கு அதுதான் நாள். கோயில் முடிந்து வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துதான், 1840-களில் இங்கே பள்ளி நடத்திய போப்பையர் கதையெல்லாம் பேசுவார்கள்.

ஒரு வருஷம் அப்பா தூத்துக்குடியிலிருந்து வார்னிஷ் வாங்கி வந்து அடித்திருந்தார். கிறிஸ்துமஸுக்குப் பெஞ்ச் பளபளவென்று மின்னியது. சித்திரை வெயிலில் மேற்பூச்சு வெடித்தது. கோடை மழைத் தண்ணீர் விரிசலில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்கி, பலகை திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. தாத்தா அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த புரட்டாசியில் கண்ணாடிச் சில்லால் இரண்டு நாள் சுரண்டினார். பிறகு உப்புத்தாள், அது என் வேலை.

“மரத்து ஓட்டத்தோடயே தேயி எய்யா, குறுக்க இழுக்காத.”

“புன்னை எண்ணெ பூசலாமே தாத்தா? தோணிக்கு அதத்தான பூசுதாவ?”

“அது லேசுல காயாது. ஒக்காந்தா வேட்டியில ஒட்டும்லா.”

காய்ச்சின ஆளிவிதை எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தார். முதல் பூச்சு இளக்கமாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நின்றதைத் துடைத்தெடுத்தார். விட்டால் பிசுபிசுப்பு போகாது. மறுநாள் வெறும் எண்ணெய், மெல்லிசாக.

எனக்கு மறக்காதது அந்தச் சிரட்டைகள்தான். நாலு சிரட்டையை மணலில் பதித்து, எண்ணெய் ஊற்றி, பெஞ்சின் கால்களை அவற்றில் இறக்கி நிறுத்தினார். மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அறுபட்டுத் திறந்திருக்கும் இடம் காலின் அடிமுனை. உளுப்பு தொடங்குவதும் அங்கேதான். விடிந்து போய்ப் பார்த்தேன். நாலு சிரட்டையும் வற்றிக் கிடந்தன.

துடைத்த துணிகளை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாக விரித்து வேலியில் தனித்தனியே போட்டார். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டி வைத்த துணிக்குள் சூடு அடைபட்டால் தானாகவே தீப்பிடிக்கும். உங்கள் வீட்டு பெஞ்சுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள்.