இஞ்சினை இறக்கும் முன்

"எந்த ஸ்பீடுலிங்ணா ஆயில் லைட் எரியுது?"

பானெட்டில் கை வைப்பதற்கு முன்பே மேஸ்திரி இதைத்தான் கேட்டார். கோவை கணபதிப் பக்கம், பவுண்டரிகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. பொள்ளாச்சியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தன் அப்பா காலத்து வெள்ளை அம்பாசிடரை ஓட்டி வந்திருந்தார். மார்க் 4, பெட்ரோல் வண்டி.

"சிக்னல்ல நின்னா எரியுதுங்க. ஆக்ஸிலேட்டர மிதிச்சா அணைஞ்சிருது."

"காத்தால ஸ்டார்ட் பண்றப்போ?"

"அப்ப ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச தூரம் ஓடிச் சூடாகணும்."

மேஸ்திரி தலையாட்டினார். பக்கத்தில் நின்ற ஐ.டி.ஐ. முடித்த பையனிடம், "சம்ப்புக்குள்ள வடிகட்டி அடைச்சிருந்தா எப்படா லைட் எரியும்?" என்றார். "வேகமாப் போறப்பங்க" என்றான் பையன். பம்ப் அதிக எண்ணெய் கேட்கும்போதுதான் அடைப்பு காட்டிக்கொடுக்கும், நின்றிருக்கும்போது அல்ல. ரிலீஃப் வால்வ் திறந்தபடி சிக்கிக்கொண்டால் எந்த வேகத்திலும் அழுத்தம் தேறாது. சூட்டில் மட்டும், ஸ்லோவில் மட்டும் விழுகிறதென்றால் சந்தேகம் மூன்று இடங்களுக்குப் போகும்: எண்ணெய், பம்ப், பேரிங். லைட்டே பொய் சொல்லவும் கூடும். ஆயில் சுவிட்சில் டூப்ளிகேட் சரக்கு ஏராளம்.

தோப்புக்காரருக்கு அதற்குள் ஒரு தீர்ப்பு கிடைத்திருந்தது. ஊரில் ஒரு மெக்கானிக், ஆயில் பிரஷர் மீட்டர்கூட வைத்துப் பார்க்காமல், "இஞ்சின் இறக்கணும், போர் பண்ணணும்" என்று சொல்லி, பெரிய தொகையும் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் கெட்டியான எண்ணெய் ஊற்றச் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டாவது யோசனை வண்டித் தரகர்களுக்கு நெடுநாள் பழக்கம். இஞ்சின் எண்ணெயில் கியர் ஆயிலைக் கலந்துவிட்டால் பேரிங் சத்தம் அடங்கும், லைட்டும் எரியாது. வாங்கியவர் வீட்டு வாசலில் அது தெரியவரும்போது தரகர் போனை எடுக்க மாட்டார்.

இந்த இஞ்சினுக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1489 சி.சி. கொள்ளளவில் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் செய்த பி-சீரிஸ் குடும்பம். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதன் உறவுதான் ஓடியது. நான்கு சிலிண்டருக்கு மூன்றே மெயின் பேரிங். பின்பக்க கிராங்க்கில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பிவிடும் மரை மட்டுமே. நிறுத்திய இடத்தில் சொட்டு வைக்காத அம்பாசிடரைப் பார்த்தால் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கேலியில் பாதி உண்மை.

முதலில் டிப்ஸ்டிக். அளவு சரி. மேஸ்திரி ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தார். பெட்ரோல் வாசனை வந்தால் கார்புரேட்டரையோ ஃபியூயல் பம்ப் டயாபிரத்தையோ பார்க்க வேண்டும். பெட்ரோல் இறங்கி நீர்த்த எண்ணெய் அழுத்தம் தாங்காது. வாசனை இல்லை. அடுத்து ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் பித்தளை அடாப்டர் வைத்து மீட்டர் மாட்டினார்கள். பையன் வண்டியைச் சத்தி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவந்தான். ஆறிய இஞ்சினில் அளப்பது வீண்வேலை. 20டபிள்யூ50 எண்ணெயின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் இருப்பதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் இருக்கும்.

சூட்டில், ஸ்லோவில், முள் 6 பவுண்டில் நடுங்கியது. ரேஸ் கொடுத்தால் 40-ஐத் தொட்டது. லைட் பொய் சொல்லவில்லை. மேஸ்திரியின் கணக்கில் இந்த இஞ்சின் சூட்டோடு நிற்கும்போது 15-க்குக் கீழே இறங்கக் கூடாது, ஓட்டத்தில் 50 வர வேண்டும்.

ஸ்லோ ஸ்பீடும் தேவைக்குக் கீழே இருந்தது. பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ ஸ்க்ரூவைத் திருகி வைத்திருக்கிறார்கள். சரிசெய்ததும் முள் 9-க்கு ஏறியது. லைட் அணைந்துவிடும், பலர் இங்கேயே கூலி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பிளாக்கின் பின்பக்கம் வெளியிலிருந்தே கழற்றக்கூடிய ரிலீஃப் வால்வையும் எடுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் சரி, தூசு இல்லை.

தோப்புக்காரருக்குப் பொறுமை போயிற்று. "பம்ப்பை மாத்தினா முடிஞ்சுதுங்களே?"

"உங்க தோப்புல சொட்டுநீர் போட்டிருக்கீங்கல்ல? மோட்டார் அதேதான். வழியெல்லாம் ஓட்டை பெருசாயிட்டா கடைசி மரத்துக்குத் தண்ணி போகுமுங்களா?"

இதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பம்ப் எண்ணெயைத் தள்ளத்தான் செய்யும். அழுத்தம் உண்டாவது பேரிங்கின் இடுக்கு தரும் தடையால். இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். வேகத்தில் பம்ப் அதை ஈடுகட்டிவிடும்; ஸ்லோவில் முடியாது.

பிறகு காது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பையன் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றினான். மூன்றாவதைக் கழற்றியபோது தட்டு சத்தம் மென்மையானது. அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றதால் பிக் எண்ட் பேரிங்கில் அடி குறைந்திருக்கிறது. எனக்கு வேறுபாடு மங்கலாகத்தான் கேட்டது; அவர் எழுந்துவிட்டார். "இப்ப இறக்கலாமுங்."

முதல் மெக்கானிக்கும் இதைத்தானே சொன்னார் என்று தோன்றலாம். அவர் சொன்னது போர் பண்ண. இந்த வண்டி புகை விடவில்லை, கம்ப்ரஷனும் சரியாக இருந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் தொடப்படவே தேவையில்லை.

செயின் பிளாக்கில் இஞ்சின் வெளியே வந்தது. பம்ப்பின் ரோட்டார் மேல் பட்டைத்தகடு வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தார்கள். இருக்க வேண்டியதைவிடச் சற்று அதிகம். முகத்தைக் கண்ணாடியின் மேல் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இழைத்தால் போதும். மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங் செல்லில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. செல்லின் முதுகில் 010 என்று குத்தியிருந்தது. ஒருமுறை ஏற்கெனவே கிராங்க் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது. மைக்ரோமீட்டரில் அந்த கிராங்க் பின் உருண்டையாக இல்லை. ஆக அடுத்த சைஸ், இருபது.

கிராங்க் கிரைண்டிங் தனிக் கைவேலை. இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் அந்த மெஷினில் நிற்கிறார். கிராங்க்கை மையம் விலக்கிப் பிடித்துச் சுழற்றி, சாணைக்கல்லை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக நகர்த்துகிறார்; மேலே கூலண்ட் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அளவு பிடிப்பதைவிடப் பின்னும் வெப்பும் சேரும் மூலையில் வளைவை விடுவதில்தான் அவர் கவனமெல்லாம். "மூலையக் கூரா விட்டா கிராங்க் அங்கதான் ஒடியும் சாமி" என்றார். நாற்பது சைஸ் தாண்டினால் இந்த கிராங்க்குக்கு செல் கிடையாது, பழைய இரும்புக்குத்தான். அம்பாசிடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுபோனதால், மாற்று கிராங்க் என்றால் உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும்.

எல்லாம் கூட்டிய பிறகு அதே மீட்டர், அதே சத்தி ரோடு. சூட்டோடு ஸ்லோவில் 20 பவுண்டு.

பில்லை வாங்கிப் பார்த்தேன். செல் செட், கேஸ்கட், எண்ணெய், ஃபில்டர், கிராங்க் கூலி, இறக்கி ஏற்றிய கூலி. மீட்டர் வைத்தது, ஒயர் கழற்றிக் கேட்டது, போர் வேண்டாம் என்று முடிவுசெய்தது எதற்கும் ஒரு வரி இல்லை. "அதுக்கெல்லாம் யாருங்க காசு குடுப்பாங்க?" என்று மேஸ்திரி சிரித்தார். கழற்றினால் காசு, யோசித்தால் இல்லை என்ற வழக்கம் இருக்கும்வரை முதல் மெக்கானிக்கின் வழிதான் லாபமானது. உங்களிடம் பழைய வண்டி இருந்து, சிக்னலில் அந்தச் சிவப்பு லைட் மினுக்கினால், இஞ்சினைச் சூடாக்கி மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான கூலியை, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், தனியாகக் கொடுத்துவிடுங்கள்.