முழங்கையால் வரைந்த விசிறி

என் முதல் குயில்ட்டைக் கெடுத்தது நானேதான். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து மேல்துணியைத் தைத்து முடித்தேன். ஒமாஹாவில் எங்கள் பக்கத்தில், ஊடுதையல் போடும் லாங்ஆர்ம் மெஷின் வைத்திருக்கும் ஓர் அம்மையாரிடம் கொண்டுபோனேன். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் பிடித்துவைக்கும் ஊடுதையல் விழுந்தால்தான் அது குயில்ட். அதுவரை வெறும் ஒட்டுத்துணி.

"என்ன டிசைன் போடலாம்?" என்று கேட்டார். அவருடைய டிசைன் புத்தகத்தில் இருந்ததிலேயே பகட்டான ஒன்றைக் காட்டினேன். இறகுகள் சுருண்டு சுருண்டு ஓடும். இடைவெளிகளில் நூல் புழு நெளிவதுபோல் நெருக்கமாக வளைந்து போகும். புள்ளித் துணியில் இறகு எடுபடாது என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்த போர்வையில் இறகு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சுங்குடிப் புள்ளிகள் அதை விழுங்கிவிட்டன. நெருக்கத் தையலால் துணி அட்டையாக விறைத்திருந்தது. போர்த்திக்கொண்டால் உடம்பில் படியாமல் கூடாரம்போல் நிற்கும்.

எந்தத் துணிக்கு எந்தத் தையல் என்பதை முதலில் யார் தீர்மானித்தார்கள்? அந்தக் கேள்வி அப்போதுதான் பிடித்துக்கொண்டது. அம்மையாரின் புத்தகத்தில் அடிக்கடி கண்ணில் பட்ட ஒரு டிசைனிலிருந்து தொடங்கினேன். ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள், விரித்த விசிறிகள் வரிசையாக நிற்பதுபோல. பெயர் பாப்டிஸ்ட் விசிறி.

பெயரை நம்பி ஒரு தேவாலயத்தைத் தேடிப் போனேன். அகப்பட்டதோ நாலைந்து பெயர்கள். அதே டிசைனை மெதடிஸ்ட் விசிறி என்றும் சொல்கிறார்கள், ஆமிஷ் அலை என்றும் சொல்கிறார்கள். எல்லாச் சபையும் உரிமை கொண்டாடுகிற ஒன்று எந்தச் சபைக்கும் சொந்தமாக இருக்க முடியாது. விடை வேறொரு பெயரில் இருந்தது: முழங்கை விசிறி.

லிங்கன் நகரிலுள்ள சர்வதேச குயில்ட் அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக் கார்ப் பயணம். ராபர்ட், ஆர்டிஸ் ஜேம்ஸ் தம்பதி 1997-இல் தங்கள் சேகரிப்பை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் பிறந்த இடம் அது. அங்கே பழைய விசிறிக் குயில்ட் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றேன். ஒரு பக்கத்து வளைவுகள் பெரியவை, எதிர்ப்பக்கத்தில் சற்றுச் சிறியவை. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் பொருந்தாமல் முட்டிக்கொண்டு நின்றன.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு துணியை விரித்தேன். ஓரத்தில் முழங்கையை ஊன்றி, விரலிடுக்கில் சாக்கட்டியைப் பிடித்துக் கையைச் சுழற்றினேன். ஒரு வளைவு விழுந்தது. பிடியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து மறுபடி சுழற்ற, அதற்குள் இன்னொன்று. ஐந்தாவது வளைவில் விசிறி முழுசாக எழுந்துவிட்டது. அளவுகோல் இல்லை, அச்சு இல்லை. நம் ஊரில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை அளக்கிற அதே முழம்தான் இங்கே டிசைன் போட்டிருக்கிறது.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய குயில்ட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தைத்த காலம் அது. கை எட்டுகிற தூரம்வரை தைப்பார்கள். பிறகு சட்டத்தைச் சுருட்டி அடுத்த பகுதிக்கு நகர்வார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைந்து தைக்க விசிறியைவிடத் தோதான டிசைன் இல்லை. எதிரெதிரே இருந்தவர்களின் கை நீளம் வேறு வேறு. அருங்காட்சியகத்தில் நான் பார்த்த பொருத்தமின்மைக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு நெருக்கமாக ஏன் தைத்தார்கள் என்பதற்குப் பஞ்சு பதில் சொன்னது. இலவம்பஞ்சு மெத்தையில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். இடையிடையே குத்தி முடிச்சுப் போடாத மெத்தையில் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடித் திரண்டுகொள்ளும். பழைய குயில்ட்டுகளின் பருத்திப் பஞ்சும் அப்படித்தான், துவைத்தால் உருண்டுவிடும். அதனால் ஓர் அங்குலத்துக்கு ஒரு வரி, சில சமயம் அதிலும் நெருக்கமாக. முதலில் பிழைப்பு, பிறகுதான் அழகு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பஞ்சில் விதைத்துணுக்கு தெரிந்தால், விதை நீக்கும் இயந்திரம் வருவதற்கு முந்திய குயில்ட் என்று பலர் சொல்வார்கள். நானும் சில நாள் நம்பினேன். இயந்திரத்தில் அரைத்த பஞ்சிலும் துணுக்குகள் தங்கும் என்று பிறகு தெரிந்தது.

அப்படியானால் என்னைக் கவிழ்த்த இறகு எங்கிருந்து வந்தது? அந்த நூல் இங்கிலாந்தின் வடக்குக்கு இழுத்துப் போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஈயச் சுரங்கங்கள் சூழ்ந்த ஆலன்ஹெட்ஸ் கிராமத்தில் ஜார்ஜ் கார்டினர் என்ற கடைக்காரர் இருந்தார். பெண்கள் கொண்டுவரும் துணியில் டிசைன் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அவரிடம் பயின்ற எலிசபெத் சாண்டர்சன் அந்தக் கலையில் அவருக்கு இணையான பெயரெடுத்தார். இவர்களை ஸ்டாம்பர் என்பார்கள். ஆனால் அச்சுக் குத்துவது கிடையாது, நீலப் பென்சிலால் வரைவதுதான். எனக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்: மேல்துணி ஒருவர் கையில், டிசைன் இன்னொருவர் கையில் என்ற ஏற்பாடு லாங்ஆர்மோடு வந்ததில்லை.

அந்த வட்டாரக் குயில்ட்டுகளில் இறகும் முறுக்குக் கயிறும் குடிகொண்டது பெரும்பாலும் ஒரே நிற வெற்றுத் துணியில். துணியில் வேறு கோலம் இல்லை. தையலின் நிழல்தான் கோலம். அம்மையார் எனக்குச் சொன்னதும் இதைத்தான்.

கையின் கதை இது. மெஷினுக்கும் தனியாக ஒரு பிறவிக்குணம் உண்டு: நூலை அறுத்து அறுத்துத் தொடங்க அதற்குப் பிடிக்காது. அதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ஹெய்ட், எங்கள் நெப்ராஸ்காவிலேயே டேவிட் சிட்டியைச் சேர்ந்த விவசாயி, பொறியியல் படித்தவர். சாதாரணத் தையல் மெஷினில், குறுக்குக் கோடுகளை நிறுத்தாமல் ஓட்டி முழுக் குயில்ட்டையும் தைத்தார். 1974-இல் அந்த முறையைச் சிறு நூலாகவும் எழுதினார். மெஷின் தையல் மட்டம் என்ற எண்ணம் போட்டி மேடைகளில் உடைய இன்னும் நாளாயிற்று. கென்டக்கியின் படூகா நகர்க் கண்காட்சியில் 1989-இல்தான், கேரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் ஊடுதையல் போட்ட சூரிய கிரகணக் குயில்ட் முதன்முறையாக உச்சப் பரிசை வென்றது.

மெஷினில் பழக விரும்புகிறவர்களுக்கு முதல் பாடமாக, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் டிசைனை வரைந்து பார்க்கச் சொல்கிறார்கள். வாசலில் சிக்குக்கோலம் போட்ட கைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வளைவில் திரும்பினால் இழை அறாமல் தொடங்கிய இடத்துக்கே வரும் என்பது விரலுக்குத் தெரியும்.

போன மாதம் மூன்று மேல்துணிகளோடு அதே அம்மையாரிடம் போனேன். இந்த முறை புத்தகத்தைத் திறக்குமுன் துணிகளைப் பார்த்தோம். மிச்சச் சுங்குடியில் செய்தது ஒன்று; அதற்கு விசிறி, துணியின் நிறத்திலேயே நூல். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் தனி உருவம் எதுவும் நிற்காது, சீரான அலை போதும். அப்பாவின் கட்டம்போட்ட கைலிகளில் செய்தது இரண்டாவது. முழுக்க நேர்கோடு என்பதால் வட்டமாக வளையும் டிசைனைக் கொடுத்தோம். கோட்டின்மேல் கோடு போட்டால் ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் குத்தும். மூன்றாவது சந்தன நிற வெற்றுப் பருத்தி. என் இறகு கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தது. சந்தேகம் வந்த இடத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளைத் துணிமேல் விரித்து, அதில் மார்க்கரால் வரைந்து பார்த்தோம். தாளின் ஓரத்தில் வண்ண டேப் ஒட்டுவது முக்கியம். இல்லையென்றால் தாள் முடிந்தது தெரியாமல் மார்க்கர் துணிக்கு ஓடிவிடும்.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இதுதான். அன்று கையின் நீளமும் சட்டமும் பஞ்சும் சேர்ந்து டிசைனைத் தேர்ந்தெடுத்தன. இன்று மெஷின் எதையும் தைக்கும். அதனாலேயே தவறும் சுலபம். நீங்கள் முதல் குயில்ட்டைத் தைத்து வைத்திருந்தால், தயவுசெய்து டிசைன் புத்தகத்திடம் ஓடாதீர்கள். பஞ்சுப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்குத் தையல் எத்தனை அங்குலம் விடலாம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். தேர்வு அங்கிருந்து தொடங்கட்டும்.