ஆப்ஷன் லிஸ்ட்டும் அம்மாவின் முழங்காலும்

சொகுசு எஸ்.யூ.வி. வாங்கறதுல பெரிய கஷ்டம் பணம் புரட்டறதுன்னு ஊர்ல சொல்லிக்கறாங்க. அதெல்லாம் பேங்க்காரர் சிரிச்ச முகமா முடிச்சுக் குடுத்துடறார் (அடுத்த ஏழு வருஷத்துக்கு நம்ம முகத்துல சிரிப்பு வருமாங்கறது வேற விஷயம்). நிஜமான கஷ்டம் அதுக்கப்புறம் ஷோரூம்ல நீட்டற ஆப்ஷன் லிஸ்ட்தான்.

என்னோட முதல் வண்டி மாருதி 800. அதுல ஒரே கேள்விதான்: ஏ.சி. வேணுமா, வேண்டாமா? ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. இப்ப புனேல உக்காந்துக்கிட்டு மூணு வாரமா, கதவு தானா மெதுவா மூடணுமா, உள்ளே லைட் எத்தனை கலர்ல எரியணும், ஸ்பீக்கர் எத்தனை வேணும்னு வீட்டுல பஞ்சாயத்து. கம்பெனி பேரை மட்டும் கேக்காதீங்க, சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும்.

இங்க ஒண்ணு சொல்லணும். ஐரோப்பாவுல ஒரு ஸ்க்ரூவைக்கூட நாமளே தேர்ந்தெடுக்கலாங்கற மாதிரி லிஸ்ட் நீளமா இருக்கும். நம்ம நாட்டுல விக்கற சொகுசு வண்டிகள்ல நிறைய இங்கேயே கோர்க்கறதுதான். மெர்சிடிஸ்னா எங்க வீட்டுப் பக்கம் சாக்கன்ல, பி.எம்.டபிள்யூன்னா 2007லேர்ந்து நம்ம செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டில. பாகங்கள் மொத்தமா பெட்டி பெட்டியா வர்றதால, எது எதோட சேர்ந்து வரணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க. சாப்பாட்டுல அப்பளம் மட்டும் தனியா கேட்டா குடுக்க மாட்டாங்க, ஃபுல் மீல்ஸ்தான். நமக்கு வேணுங்கற மாதிரி வேணும்னா தனியா ஆர்டர் போட்டு மாசக்கணக்குல காத்திருக்கணும்.

அப்புறம் விலை. லிஸ்ட்ல 3 லட்சம்னு போட்டிருந்தா அது 3 லட்சம் இல்லைங்க. 2025 செப்டம்பர்லேர்ந்து பெரிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அந்த 3 லட்சத்துல 85,000 ரூபாய்க்கு மேல வரிதான் உக்காந்திருக்கு. ஃபேக்டரியிலேயே பொருத்தி வர்ற எல்லாம் வண்டி இன்வாய்ஸ்ல சேர்றதால அதுக்கும் ரோடு டாக்ஸ் உண்டு. மஹாராஷ்டிராவுல 20 லட்சத்துக்கு மேல போற பெட்ரோல் காருக்கு 13 சதவீதம், ஆக இன்னொரு 39,000. 1 சதவீதம் டி.சி.எஸ். வேற (இது வருமான வரிக் கணக்குல நேராயிடும், அதுக்கு அழ வேண்டாம்). இன்ஷூரன்ஸும் அதுக்கேத்த மாதிரி ஏறும். ஒரு நாள் ராத்திரி எக்ஸெல்ல இதையெல்லாம் போட்டுத் தங்கமணிகிட்ட காட்டினேன். "ஏங்க, இதுல எதைப் பிடுங்கிட்டாலும் வண்டி ஓடுமில்ல?"ன்னாங்க. அதுதான் சரியான கேள்வி.

நான் ஒரு வழி வச்சுக்கிட்டேன். பின்னால வெளியில வாங்கிப் பொருத்திக்க முடியற எதுக்கும் இப்ப பணம் கிடையாது. டேஷ்கேம், மிதியடி, பின் சீட்டு டேப்லெட் ஸ்டாண்டு எல்லாம் அவுட். ஆனா ஒயரிங்கை வெட்டி ஒட்டற சமாச்சாரம்னா வெளியிலயும் போகக்கூடாது, வாரன்ட்டில வம்பு பண்ணுவாங்க. பின்னால எந்த மெக்கானிக்காலயும் சேர்க்க முடியாதது எதுவோ, அதுக்குத்தான் இப்ப யோசிக்கணும்.

21 இஞ்ச் சக்கரம்தான் லிஸ்ட்லயே அழகான ஐட்டம். பையன் போட்டோவைப் பாத்துட்டு மயங்கிட்டான். சக்கரம் பெருசாக ஆக டயரோட ரப்பர் ஓரம் மெலிஞ்சுக்கிட்டே போகும். புனேல ஒரு மழைக்காலம் ஓட்டினவங்களுக்கு நான் விளக்க வேண்டாம், ஒரு குழியில விழுந்தா டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிடும், ரிம்மும் வளையும். நாங்க வருஷா வருஷம் மே மாசம் திருநெல்வேலிக்கு வண்டியிலதான் போறோம், 1,400 கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி தாவணகெரே தாண்டி டயர் கிழிஞ்சா அந்த அளவுல டயர் எங்க கிடைக்கும்? 2020லேர்ந்து, காத்து அழுத்தம் காட்டற கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னியே குடுக்க வேண்டாம்னு விதி இருக்கு, அதனால அது இருக்கான்னு கேட்டே ஆகணும். ரன்-ஃப்ளாட் டயர்னா பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்துல ஒரு 80 கி.மீ. வரைக்கும் ஓட்டிக்கலாம்னு சொல்றாங்க. அது ஆணி குத்தினாத்தான், கிழிஞ்சா கதை முடிஞ்சுது. நான் இருக்கறதுலயே சின்னதா 19 இஞ்ச்சும், டிக்கியில ஸ்டெப்னியும் கேட்டேன். பையன் ரெண்டு நாள் பேசலை.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. கண்ணாடிக் கூரை வேண்டாம், மே மாச வெயிலுக்கு நாமளே இட்லி மாதிரி வெந்துடுவோம். சீட்டுக்கு ஹீட்டர் யாருக்கு வேணும்? குளுகுளு காத்து வர்ற சீட் வேணும். வெளிர் நிற லெதர் வேண்டாம், எங்க வீட்டுப் புளியோதரைல நல்லெண்ணெய் தாராளமா இருக்கும். கண்ணாடியில வேகம் தெரியற டிஸ்ப்ளே, நான் போடற போலராய்ட் கூலிங் கிளாஸ்ல சரியா தெரியறதே இல்லை, அதுவும் வேண்டாம். நாலு பக்கமும் காட்டற கேமரா கட்டாயம் வேணும், எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங் தூண்கள் அப்படி.

இவ்வளவும் எழுதினது ஏர் சஸ்பென்ஷனைப் பத்திச் சொல்லத்தான்.

எங்க அம்மாவுக்கு 76 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சாச்சு, ஆபரேஷன்னா ஒத்துக்க மாட்டாங்க. அப்பா போனதுக்கப்புறம் எங்களோட புனேலதான். வருஷத்துல அவங்க எதிர்பார்த்துக் காத்திருக்கறது அந்த மே மாசப் பயணம் ஒண்ணுதான். இப்ப இருக்கற காரோட பின் சீட் தாழ்வானது, அப்படியே பின்னால சாஞ்சு உக்காந்துக்குவாங்க. புது வண்டியைப் பாக்க அவங்களையும் ஷோரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். வலது காலைத் தூக்கி வச்சாங்க, கைப்பிடியைப் பிடிச்சாங்க, உடம்பு மேல எழும்பலை. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டுக் காலை இறக்கிட்டு, "நல்லாத்தான் இருக்குய்யா. நீங்க பிள்ளைகளோட போயிட்டு வாங்க, நான் ரயில்லயே வந்துக்கிடுதேன்"னாங்க.

தங்கமணி கைப்பையிலேர்ந்து தையல் டேப்பை எடுத்து அளந்தாங்க. பின் சீட் தரையிலேர்ந்து 30 இஞ்ச். எங்க வீட்டு டைனிங் சேர் 18.

ஏர் சஸ்பென்ஷன்னா இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து நிரப்பின ரப்பர் பை. பட்டனை அமுக்கினா வண்டி ரெண்டு இஞ்ச் கிட்ட இறங்கி நிக்கும், மோசமான ரோட்டுல ஏத்தியும் வச்சுக்கலாம். ரப்பர் நாளாக நாளாகத் தளரும், வாரன்ட்டி முடிஞ்சு போச்சுன்னா செலவு கண்ணைக் கட்டும். அதனால நீட்டிச்ச வாரன்ட்டியும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். வரியெல்லாம் சேர்த்துப் பாத்தா, லிஸ்ட்ல நான் அடிச்ச அத்தனை ஐட்டமும் சேர்ந்தாலும் இதுக்குப் பக்கத்துல வராது.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "300 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்குய்யா"ன்னார். நியாயமாத்தான் பட்டுது. ஆனா எனக்கு எங்க அம்மாவைத் தெரியும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஸ்டூலை எடுத்துப் போட்டுக் கையைப் பிடிக்கணும்னா, அவங்க இறங்கவே மாட்டாங்க. இறங்க வேண்டாம்னா பாத்ரூம் போகக்கூடாது, அதுக்காகத் தண்ணி குடிக்கறதையே நிறுத்திடுவாங்க. போன மே மாசமே சித்ரதுர்கா வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி படலை. கேட்டா "தாகமே இல்லைய்யா"ன்னாங்க.

இன்னொரு நாள் ஏர் சஸ்பென்ஷன் இருக்கற டெமோ வண்டியைக் கேட்டு வாங்கி, இறக்கி நிறுத்தி, அவங்களை ஏறச் சொன்னோம். மெதுவாத்தான் ஏறினாங்க, ஆனா யாரையும் கிட்ட விடலை. இறங்கிட்டு மறுபடி ஒரு தடவை ஏறிப் பாத்தாங்க, யாரும் கேக்காமலே.

சேல்ஸ் பையன் கடைசியா ஒரு தூண்டில் போட்டான். ரெடி ஸ்டாக்ல ஒரு வண்டி இருக்கு சார், 21 இஞ்ச் சக்கரம், கண்ணாடிக் கூரை, பெரிய ஸ்பீக்கர் செட் எல்லாம் இருக்கு, ரெண்டரை லட்சம் தள்ளுபடி, அடுத்த வாரம் டெலிவரி. ஏர் சஸ்பென்ஷன் மட்டும் இல்லை. பையன் என் முகத்தைப் பாத்தான், நான் தங்கமணி முகத்தைப் பாத்தேன். அவங்க தையல் டேப்பைச் சுருட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டே, "ஆர்டரே போட்டுடுங்க"ன்னாங்க.

பதினாறு வாரம் ஆகுமாம். மேக்குள்ள வந்துடும்னு சொல்லியிருக்காங்க, எழுதிக் குடுக்கலை. அதனால அம்மாவுக்கு ரயில் டிக்கெட்டும் ஒண்ணு போட்டு வைக்கப் போறேன், கீழ் பெர்த்.