முதுமைக்கு எந்நாடு?

கடல் கடந்து பொருளீட்டப் போதல் தமிழர்க்குப் புதிதன்று. போனவர் துணிவையும் ஈட்டியவர் பெருமையையும் நம் நூல்களும் பாட்டிமார் கதைகளும் நிரம்பப் பேசுகின்றன. ஆயினும், ஈட்டிய கை தளர்ந்து கால் ஓய்ந்த பின்னர் அவர் எவ்விடத்திருந்து உண்பது, எவ்விடத்தில் இருக்க விடப்படுவது என்னும் வினாவை முன்னரே ஆராய்வார் சிலரே. பொருள் வரும் வழியையும் அது போகும் வழியையும் வள்ளுவர் ஒருங்கு வைத்து அளந்து காட்டினார். அயல்நாட்டில் முதுமையைக் கழிக்க நினைப்பவர்க்கு இவ்விரண்டோடு மூன்றாவதாகிய வழியொன்றும் உண்டு. அது தங்கும் வழி. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தது ஏட்டுக் கல்வியின் பொருட்டன்று. எம் அன்னையாரின் தமக்கையாராகிய பெரியம்மா, செவிலித்தொழில் கற்று 1994-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றவர். 31 ஆண்டுகள் அங்கே, பெரும்பாலும் தனியார் முதியோர் இல்லங்களில், பிறருடைய முதுமையைப் பேணிப் பணியாற்றினார். கணவரை இழந்தவர், மகன் ஒருவனே, அவனும் அங்கேயே குடும்பங்கொண்டு வாழ்கின்றான். அந்நாட்டுக் குடியுரிமையைப் பெற்றவர். ஆயினும் சொந்த வீடு இல்லாதவர். 2025-ஆம் ஆண்டில் அவருக்கு 66 வயது நிறைந்து, பென்ஷன் பெறும் உரிமை கிட்டிற்று. வீட்டு வாடகை பென்ஷனை விழுங்கிவிடும் என்று கண்ட அவர் எமக்கு ஒரு கடிதம் விடுத்தார். "எந்த ஊரில் எவ்வளவு ஆகும் என்று எழுது, எந்த ஊரில் சாகும்வரை இருக்க விடுவார்கள் என்றும் எழுது" என்பதே அதன் சாரம். உடன் பணியாற்றிய தோழியார் ஒருவர் ஸ்பெயினுக்கு அழைத்தார். உறவினர் ஒருவர் பினாங்கின் நலங்களைப் புகழ்ந்தார். பாளையங்கோட்டை வீடோ அழையாமலே அழைத்தது. நம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் கணக்கு ஒரு பாடமன்று. எனினும் யாம் பல நாள் அக்கணக்கில் மூழ்கினோம்.

முதற்கண் வருவாயைக் காண்போம். இங்கிலாந்து அரசாங்கத்தின் புதிய முழுப் பென்ஷன் 2025-26-ஆம் ஆண்டில் வாரத்திற்கு 230 பவுண்டு 25 பென்ஸ். இதனை முழுதும் பெற 35 ஆண்டுகள் காப்புறுதிப் பணம் செலுத்தியிருத்தல் வேண்டும். பெரியம்மாவுக்கு 31 ஆண்டுகளே ஆதலின், அவர் பங்கு ஏறக்குறைய 204 பவுண்டு. மாதத்திற்குச் சுமார் 884 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று கொண்டால், மாதம் ஒரு லட்ச ரூபாய்க்குச் சற்று மேல். இத்துணைச் சிறு வருவாய் உடையார்க்கு, 2025-26-ஆம் ஆண்டில் வாரம் 227 பவுண்டு 10 பென்ஸ் வரையில் நிரப்பித் தந்த அரசாங்க உதவியும் உண்டு. ஆனால் அது நாட்டினுள் வாழ்வார்க்கே உரியது. நாட்டை விட்டு நீங்கிக் குடியேறினால் நின்றுவிடும்.

இனி நாடுகளைக் காண்போம். ஸ்பெயினில் வெயிலும் உண்டு, விலை மலிவும் உண்டு. இங்கிலாந்து மக்கள் பல்லாண்டு காலம் அங்கே தடையின்றிச் சென்று குடியேறினர். 2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கிற்று. அவ்வாண்டின் இறுதியோடு அவ்வுரிமையும் ஒழிந்தது. அதற்கு முன் குடியேறி வாழ்ந்தவர்க்கு உடன்படிக்கையின் காப்பு உண்டு. பின் வருவோர் 180 நாட்களில் 90 நாட்களே விஸா இன்றித் தங்கலாம். அதற்கு மேலும் உழைப்பின்றித் தங்க விரும்புவோர் மாதம் 2,400 யூரோ வருவாய் காட்டல் வேண்டும். மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பெரியம்மாவின் பென்ஷன் அதிற் பாதியும் ஆகாது. ஆயிரம் யூரோவில் ஒருவர் சிக்கனமாக வாழ்தல் கூடும் என்று தோழியார் எழுதியது மெய்யாயினும் ஆகுக. வாழ்வதற்கு வேண்டும் பொருள் வேறு, வாயிலைக் கடப்பதற்கு வேண்டும் பொருள் வேறு என்பதை யாம் அங்கே கற்றோம்.

அடுத்த வீடாகிய போர்ச்சுகலின் வாயில் இதனினும் தாழ்ந்தது. அந்நாட்டுக் குறைந்த அளவுக் கூலியே அங்கு அளவுகோல்; 2025-ஆம் ஆண்டில் அது மாதம் 870 யூரோ. பெரியம்மாவின் பென்ஷன் அதனைத் தாண்டும். ஆயினும், மொழியும் தெரியாது, முகமும் தெரியாத ஊரில் நோயுற்ற நாளில் ஒரு குவளை வெந்நீர் தருவார் யாவர் என்று அவர் வினவியபோது எமக்கு விடை தோன்றவில்லை.

மலேசியாவின் கதை வேறு. அந்நாட்டு அரசாங்கம் 1996-ஆம் ஆண்டில் அயல்நாட்டு முதியோரை வரவேற்கத் திட்டம் ஒன்று வகுத்தது. 2002-ஆம் ஆண்டில் அதற்கு 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்று பெயர் சூட்டிற்று. மாதம் 10,000 ரிங்கிட் வருவாய் போதும் என்றிருந்த விதி 2021-ஆம் ஆண்டில் 40,000 ரிங்கிட் என்று உயர்ந்தது. பாங்கில் பத்து லட்சம் ரிங்கிட் வைப்பும் வேண்டும் என்றாயிற்று. 2024-ஆம் ஆண்டில் மீண்டும் விதி மாறி, வெள்ளி, பொன், பிளாட்டினம் எனப் படிகள் அமைந்தன. வெள்ளிப் படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பும், வீடு வாங்குதலும் வேண்டும். ஓர் ஊரின் விலைவாசி மெல்ல ஏறும். அரசாங்கத்தின் விதியோ ஒரே நாளில் மாறும். தாய்லாந்திலோ, 50 வயது கடந்தவர் 8 லட்சம் பாட் வைப்பேனும் மாதம் 65,000 பாட் வருவாயேனும் காட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அனுமதி கிட்டும். 90 நாட்களுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தையும் தெரிவித்தல் வேண்டும். இருபது ஆண்டு வாழ்ந்தும் ஆண்டுதோறும் விருந்தினராகவே நிற்றல் வேண்டுமாயின், அதனை இல்லம் என்றல் எங்ஙனம்?

நிற்க. எஞ்சியது பாளையங்கோட்டை. பிறந்த நாட்டுக்குத் திரும்புதலும் பெரியம்மாவுக்கு அயல்நாடு சேர்தலே என்பது பலர்க்கு வியப்பாகத் தோன்றும். வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பர் என்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெறும் 'கடல் கடந்த இந்தியக் குடிமகன்' என்னும் அட்டை இத்தகையோர்க்குப் பெருந்துணையாகின்றது. அஃதுடையார் வாழ்நாள் முழுதும் ஈண்டு வந்து தங்கலாம். வைப்புப் பணமும் வேண்டா, வருவாய்க் கணக்கும் வேண்டா. வீடு வாங்கலாம், விளைநிலம் வாங்கலாகாது. வாக்குரிமை இல்லை. சமயப் பரப்புப் பணி, இதழியல், ஆராய்ச்சி முதலியவற்றுக்குத் தனி அனுமதி பெறல் வேண்டும். பெயரிற் குடிமகன் என்று இருப்பினும், உண்மையில் இது நீண்டதோர் அனுமதிச் சீட்டே. எனினும், யாம் கண்ட வாயில்களுள் அவருக்கு அகலத் திறந்திருப்பது இஃதொன்றே. அன்றியும், இங்கிலாந்துக் குடியுரிமை அவரிடத்தே இருத்தலின், பின்னே உள்ள கதவும் அடைபடுவதில்லை.

தங்கும் வழி எளிதாயிற்று. ஆனால் வருவாயின் வழி ஈண்டுத்தான் அடைபடுகின்றது. இங்கிலாந்துப் பென்ஷன் அந்நாட்டில் ஆண்டுதோறும் உயரும். விலைவாசி ஏற்றம், ஊதிய ஏற்றம், நூற்றுக்கு 2½ ஆகிய மூன்றனுள் எது மிகுதியோ அவ்வளவு உயர்தல் முறை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்க ஐக்கிய நாடுகள், பிலிப்பைன்ஸ், ஜமைக்கா முதலியவற்றில் குடியேறினார்க்கும் அவ்வுயர்வு உண்டு. இந்தியா, ஆஸ்திரேலியா, கானடா, தென்னாப்பிரிக்கா, மலேசியா, தாய்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறினார்க்கோ இல்லை. சென்ற நாளில் எவ்வளவோ, அவ்வளவே என்றும். உறைந்த பென்ஷன் என்று இதனை வழங்குவர். நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட முதியோர் இந்நிலையில் உள்ளனர். தென்னாப்பிரிக்காவிற் குடியேறிய ஆனெட் கார்ஸன் என்னும் அம்மையார் இதனை எதிர்த்து வழக்கிட்டு, 2005-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையிலும், 2010-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றார். 17 நீதிபதிகளுள் அறுவரே அவர் பக்கம் நின்றனர். ஒரே அளவு பணம் செலுத்திய செவிலியர் இருவருள், ஸ்பெயின் சென்றவர்க்கு உயர்வும் பாளையங்கோட்டை வந்தவர்க்கு உறைவும் ஆதல் நீதியோ என்பதைக் கற்றோர் ஆராய்க.

இனிப் பாளையங்கோட்டைக் கணக்கைக் காட்டுவோம். தங்கும் இடம் முன்னோர் வீடு, வாடகை இல்லை. உணவு, மருந்து, சமையலுக்கு ஓராள், காப்புறுதி, காணிக்கை, மகனைக் காண ஆண்டுக்கு ஒருமுறை விமானச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் என்று எழுதினோம். 65 வயது கடந்தவர்க்கும் மருத்துவக் காப்புறுதி விற்க 2024-ஆம் ஆண்டு முதல் தடையில்லை. ஆயினும் அதன் விலை மிகுதியே. இவ்வளவையும் கழித்து மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் எஞ்சும். கண்ட வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர். யாம் ஏட்டை மூடவில்லை. இருபது ஆண்டு கழித்து, அவருக்கு 86 வயதாகும் காலத்தை எழுதத் தொடங்கினோம்.

விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், இன்றைய 60,000 ரூபாய்ச் செலவு அன்று 1,59,000 ஆகும். பென்ஷனோ அதே 884 பவுண்டு. பவுண்டின் விலை மாறாதிருப்பின் அது ஒரு லட்சத்துச் சொச்சமே. மாதந்தோறும் 57,000 ரூபாய் குறையும். 2005-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80 ரூபாயாக இருந்த பவுண்டு 2025-ஆம் ஆண்டில் 115 ரூபாய் அளவிற்கு ஏறியவாறே மேலும் இருபது ஆண்டு ஏறினாலும் 1,46,000 ரூபாயே வரும். அப்போதும் 13,000 ரூபாய் குறையும். பென்ஷன் உறையாமல், மிகக் குறைந்த அளவாகிய 2½ வீதமே உயர்ந்திருப்பினும், பவுண்டு சிறிதும் ஏறாத நிலையிலேயே 1,66,000 ரூபாய் வந்து செலவைத் தாங்கியிருக்கும். முதல் ஆண்டின் மலிவைக் கண்டு குடியேறுவோர் கடைசி ஆண்டின் கணக்கையும் கண்டே தீர்தல் வேண்டும் என்பது இதனாற் போதரும்.

அக்குறையை நிரப்புவார் யாவர்? ஸ்பெயினாயின் அரசாங்கத்தின் முறையான உயர்வு நிரப்பும். ஈண்டு நிரப்ப வேண்டியவர் உற்றார். பெரியம்மாவுக்கு 86 வயதாகும்போது எம் பெற்றோரும் முதியராவர். எமக்கு 39 வயதாகும். ஆகவே அவ்வெற்றிடத்தில் எழுதத்தக்க பெயர் எம் பெயரே என்பது விளங்கிற்று. அதனினும் நுண்ணியதோர் உண்மையும் வெளிப்பட்டது. முற்பகுதி ஆண்டுகளின் மிச்சமே பிற்பகுதி ஆண்டுகளின் உணவு. அம்மிச்சம் மிச்சமன்று, முதுமைக்கு ஈடாக வைக்கப்படும் பொருள். எம் கல்லூரிக் கட்டணமோ பெரியம்மா அனுப்பும் பணத்தாற் கட்டப்பெறுவது. அவர் ஊதியம் நின்ற பின்னர் அத்தொகை இம்மிச்சத்தினின்றே எடுக்கப்படும். இதனைக் கூறாது கணக்கை அனுப்புதல் முறையாகத் தோன்றவில்லை. எம் கட்டணத்தைக் கடனென்று தனி வரியில் எழுதினோம்; வரும் ஆண்டு முதல் மாலை வேளையிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி அதில் ஒரு பகுதியை யாமே ஈட்டுவதாகவும் அதன் கீழ் எழுதிக் கையொப்பமிட்டோம். அன்னையார் அதனைப் படித்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் தபாலில் சேர்க்குமாறு கூறினார்.

பெரியம்மா பாளையங்கோட்டையையே தெரிந்துகொண்டார். ஆயினும் முதல் ஆண்டில் அங்கும் இங்குமாக இருந்து பார்த்துப் பின் நிலையாகக் குடியேறுவர். ஆண்டு மிச்சத்தைத் தொடாது பாங்கில் வைப்பர். எம் கட்டணத்தைக் குறித்த வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்து அனுப்பியுள்ளார். அதனை யாம் மீண்டும் எழுதி அனுப்பியுள்ளோம். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

கல்லூரித் தோழர்காள்! நம்முள் பலர் செவிலியராகவும், பொறிவல்லாராகவும், ஆசிரியராகவும் அயல்நாடு செல்லக் காத்திருக்கின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் முன்னரே சென்றுள்ளனர். அவர்க்கும் நமக்கும் இவ்வொரு சொல். ஊர்களின் விலைப்பட்டியல் எளிதிற் கிடைக்கும். அதனை மட்டும் கண்டு முதுமைக்கு இடந் தேடற்க. அவ்வூரில் தங்கும் உரிமை யார் கையில் உள்ளது, அது மாறினால் எங்கே போவது, நம் வருவாய் நம்மோடு வளருமா, வளராதாயின் குறையை நிரப்புவார் யாவர், அவரிடம் கேட்டுவிட்டோமா என்னும் இவற்றை வரிசையாக எழுதி விடை காண்க. கடைசி வினாவே கடினமானது. அதனை உடல் வலிமையோடு இருக்கும் நாளிலேயே வீட்டாரிடம் வாய்திறந்து கேட்டல் நன்று.