சாம்பலில் வெந்த கிழங்கு

ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு காப்பிக்கடை. பழைய கடைவீட்டைப் புதுப்பித்தவர்கள் சுவரின் காரையை மட்டும் உதிர்ந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதுதான் இப்போது அழகாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துண்டுபோட்டு, இனிப்புக் கிச்சாப்பும் மிளகாயும் தடவிச் சுட்டு, மேலே எள் தூவிய ஒரு தட்டு வந்தது. 18 வெள்ளி. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பில்லைப் பார்த்தார்.

"அடுப்புச் சாம்பல்ல கெடந்த கிழங்குக்குப் பதினெட்டு வெள்ளியா தம்பி?"

கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார்: "அதுவும் கிச்சாப்புதான் இனிக்குது. கிழங்கு இனிக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பியது அந்த ஒரு பேச்சால்தான்.

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இருபக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வரும். துன் வீ.தி. சம்பந்தனின் ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளர்களில் என் தாத்தாவும் ஒருவர். இன்னும் மேலே போனால் கோல கங்சார். 1877-இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. நாங்கள் அதுவரை போகவில்லை. அம்மா பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும் மண் சடக்கில் காடியை நிறுத்தினோம்.

ரப்பர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் ஒரு மாமரமும் மட்டும் இருந்தன. அம்மா மாமரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இருபது அடி நடந்து, புல்லைச் செருப்பால் விலக்கினார். "இங்கதான் நம்ம குசினி."

குசினியில் விறகு எப்போதும் ரப்பர் மரம்தான். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் வற்றிய மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்தக் கட்டைகள் லயத்துக்கு வந்துசேரும். இரவுச் சோறு முடிந்ததும் பாட்டி தணலை ஒதுக்கி, முழுக் கிழங்குகளைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்துவிட்டுப் படுத்துவிடுவார். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போது தோண்டி எடுத்து, வாழையிலையில் சுற்றி, இடித்த வரமிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் ஒரு பொட்டலமாக வைத்துக்கொள்வார். பத்து மணி வாக்கில் வெட்டுக்காட்டில் அதுதான் பசியாறல். மிச்சம் இருந்தால் மத்தியானம் ரசச் சோற்றுக்கு அதையே தொட்டுக்கொள்வார்கள்.

தாத்தா மட்டும் தொடமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 45 வரை, அரிசி கிடைக்காமல் தோட்டமே மரவள்ளிக் கிழங்கில்தான் உயிர் வைத்திருந்தது. அவருடைய தம்பியைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன அன்று காலையும் வீட்டில் இருந்தது கிழங்குதான். தம்பி திரும்பவில்லை. அதன்பிறகு எந்தக் கிழங்கும் தாத்தாவின் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் சாம்பலைக் கிளறிக் கிழங்கைத் திருப்பிவிடுவது அவர் வேலை. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லையாம். அம்மாவோ, டவுன் பள்ளியில் சேர்ந்த பிறகு, கூட்டாளிகள் ரொட்டி கொண்டுவரும்போது கிழங்குப் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார். இதை எனக்கு இந்த வயதில்தான் சொன்னார்.

பாட்டியின் கிழங்கு ஏன் இனித்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கிழங்கிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும். கிழங்கின் உட்புறம் ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடானால் செத்துவிடும். சாம்பலுக்குள் கிழங்கு அந்தச் சூட்டை மெதுவாகத் தாண்டுகிறது. துண்டுபோட்டு 220 டிகிரி ஓவனில் தள்ளினால் நொதிக்கு மூச்சுவிட நேரமில்லை. மைக்ரோவேவ் என்றால் கேட்கவே வேண்டாம். காப்பிக்கடைத் தட்டில் குறைந்தது சாமான் இல்லை, நேரம்.

திரும்பும் வழியில் ஈப்போ பாசாரில் கிழங்கு வாங்கினேன். பீடோர், தாப்பா பக்கத்துக் கிழங்கு என்றார் கடைக்காரர். ஈயம் தோண்டி மணல் மேடாகிப்போன நிலத்தில் அங்கே கெலெடெக் நன்றாக விளைகிறது. உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள 'விட்டாத்தோ' சற்று ஈரமானது. சுடுவதற்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கை அளவுக் கிழங்கு நான்கைக் கழுவித் துடைத்து, தோலோடு, முழுசாக, 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விட்டேன். ஓவனை முன்கூட்டிச் சூடாக்கவில்லை, மெதுவாக ஏறட்டும். தோலில் பாகு கசிந்து கறுத்தால் பதம் சரி. பிறகு நீளவாக்கில் பிளந்து, ஒரு மேசைக்கரண்டி கிச்சாப், இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய், இடித்த சோம்பு, மிளகாய்த் தூள், உப்பு கலந்து வெட்டிய பக்கத்தில் பூசி, சூட்டைக் கூட்டிப் பத்து நிமிடம். கிச்சாப் சீக்கிரம் கருகும். பக்கத்திலேயே நிற்க வேண்டும். இறக்கியதும் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, லிமாவ் கஸ்தூரி ஒன்றைப் பிழிந்தேன். சீனி ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை.

ரசச் சோற்றோடு வைத்தேன். அம்மா முதலில் விரலால் கிச்சாப்பைத் துடைத்துவிட்டு, வெறும் கிழங்கை மட்டும் கிள்ளி வாயில் போட்டார்.

"சாம்பல் வாசம் இல்ல," என்றார். நான் காத்திருந்தேன். "இனிப்பு வந்துருச்சி."

அப்புறம் இன்னொரு பாதியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்துவைக்கச் சொன்னார்.