வாழைக்காரனின் குரல்

திரைக்கதை எழுதியவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஜோசப் லோசியின் ‘கிங் அண்ட் கன்ட்ரி’ (1964) என்றால் லோசியும் டிர்க் போகார்டும் நினைவுக்கு வருவார்கள். போர்முனையைவிட்டு நடந்துபோன ஒரு சிப்பாயின் விசாரணையைத் திரைக்காக எழுதிய ஈவன் ஜோன்ஸ், எழுத்துகளோடு எழுத்தாக நகர்ந்துவிடுகிறார். கரீபியப் பள்ளிகளில் படித்தவர்களுக்கோ அவர் முதலில் கவிஞர்.

1927இல் ஜமைக்காவின் போர்ட்லாண்ட் பகுதியில் பிறந்தார். தந்தை வாழைத்தோட்டங்களுடைய நிலக்கிழார். தாய் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஆசிரியை. அமெரிக்காவில் ஹேவர்ஃபோர்ட் கல்லூரி, இடையில் காஸாவில் அகதிகளிடையே பணி, பிறகு ஆக்ஸ்ஃபோர்ட்.

அவரை நிலைநிறுத்தியது ‘வாழைக்காரனின் பாட்டு’. சந்தையில் ஓர் அழுக்குச் சட்டைக்காரனைப் பார்த்து, பிச்சைக்காரன் என்று எண்ணி ஏளனம் செய்கிறான் ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி. அவனோ சொந்த மலைச்சரிவில் வாழை பயிரிடுபவன். தன் நிலத்தையும் உழைப்பையும் ஜமைக்காவின் பேச்சுமொழியிலேயே சொல்லி நிமிர்ந்து நிற்கிறான். பேச்சுமொழியைக் கவிதையின் மொழியாக ஏற்கத் தயங்கிய காலம் அது. ஆனால் இதை எழுதியவர் தோட்ட முதலாளியின் மகன் என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்தப் பெருமிதம் சற்று அதிகமாகவே மெருகேறியிருப்பதாக நமக்குப் படுகிறது. ஜோன்ஸுக்கும் அப்படிப் பட்டிருக்குமோ என்னவோ, ‘வாழைக்காரனின் புலம்பல்’ என்று இன்னொன்றும் எழுதினார். அதில் அவன் இங்கிலாந்தில் சலித்துக் கிடக்கிறான். நிலமும் இல்லை, நிமிர்வும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதன் முழுமையாகிறான். பாடநூல்கள் முதலாவதையே விரும்பும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1956இல் இங்கிலாந்தில் குடியேறியபின் அவருக்குச் சோறு போட்டது தொலைக்காட்சியும் திரைப்படமும். 1963 ஜனவரியில் பிபிசி ஒளிபரப்பிய ‘மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட்’ நாடகத்திற்காக, அதிகம் அறியப்படாத ஓர் இளம் பாடகரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். பெயர் பாப் டிலன். வசனம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஜோன்ஸ் அந்தப் பாத்திரத்தை இரண்டாகப் பிரித்தார். பேச்சு டேவிட் வார்னருக்கு, பாட்டு டிலனுக்கு. 1968இல் பிபிசி அந்தப் பதிவை அழித்துவிட்டது. இன்று அந்த நாடகத்தைத் தேடுவோர் டிலனுக்காகவே தேடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியன் சீரழிவதைச் சொல்லும் ‘வேக் இன் ஃப்ரைட்’ (1971) படத்திற்கும் அதே கதி நேர்ந்திருக்கும். கென்னத் குக்கின் நாவலுக்கு ஜோன்ஸ் எழுதிய திரைக்கதை அது. பல்லாண்டுகள் காணாமற்போயிருந்த அதன் மூலச்சுருள், அழிப்பதற்கென்று குறித்து வைத்திருந்த பெட்டியில் பிட்ஸ்பர்க் நகரில் அகப்பட்டது. சீரமைக்கப்பட்ட படம் 2009இல் கான் விழாவில் மீண்டும் திரையேறியது.

1975இல் பிபிசிக்காக அடிமைமுறை ஒழிப்பின் வரலாற்றைத் தொடராக எழுதினார். தன் சொந்த மண் எதன்மேல் நிற்கிறது என்பதை அவர் நேராகப் பார்த்து எழுதியது அதில்தான் என்பது நம் எண்ணம். 2023 ஏப்ரலில், தமது 95ஆம் வயதில் ஜோன்ஸ் மறைந்தார்.